புள்ளி விழாத படம்

ஐந்து மணிக்கு எழுந்தேன். கேத்தலில் தண்ணீர் வைத்தேன். வெளியே பீலித் தண்ணீரில் முகம் கழுவினேன். பாணில் நான்கு துண்டு வெட்டினேன். இரண்டு இப்போதைக்கு, இரண்டு பள்ளிக்கூடத்துக்கு. தேத்தண்ணியில் சீனி போட்டுக் கலக்கினேன். சட்டையை அயன் பண்ணினேன். சத்தத்தைக் குறைத்து டீவியைப் போட்டேன். செய்தி வாசிக்கும் பெண்ணின் தோட்டுக் கல் வரைக்கும் தெரிந்தது. ஆறே காலுக்கு டீவியை நிறுத்திக் கதவைப் பூட்டினேன். ஆறரைக்கு பஸ் வந்தது.

நான்கு மாதமாக இதே காலை. என் மனைவி யோகமலர் இறந்தும் நான்கு மாதம்.

நான் ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறேன். தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் டீவி கோபுரம் இருக்கிறது. லயத்திலிருந்து பார்த்தால் தெரியாது, இடையில் ஒரு மேடு மறைக்கிறது. அதனால் இங்கே யாரும் அன்டனாவைக் கோபுரத்தின் பக்கம் திருப்புவதில்லை. எதிர்த்த மலையில் இருக்கும் பெரிய பாறையைப் பார்த்துத்தான் திருப்புவார்கள். அலை அந்தப் பாறையில் பட்டு எங்கள் பக்கம் வரும். இருபது கூரையிலும் இருபது அன்டனா, எல்லாம் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள்.

அந்தக் கோபுரத்தில் டிஜிட்டல் ஒளிபரப்பைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார்கள். பழைய டீவியில் பார்க்க ஒரு சிறிய பெட்டி வேண்டும். யோகமலர் கேட்டாள். பதுளை டவுனில் ஹாஷிம் நானாவின் டீவிக் கடையில் வாங்கி வந்து நானே டீவியோடு இணைத்தேன். அன்டனா வயரையும் அந்தப் பெட்டியில் சொருகினேன். கூரையில் ஏறி அன்டனாவைத் திருப்புவது மட்டும்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை ஏறுகிறேன் என்றேன். மூன்று ஞாயிறு போனது. ஒரு வியாழக்கிழமை அவள் ஜெயகுமாரைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஜெயகுமார் கீழ் லயம். அன்டனா பொருத்துவது தொழில். யோகமலரின் அத்தை மகன். உரிமைக்காரன். அவன் வீட்டில் பெண் கேட்டார்கள். அவள்தான் படித்த மாப்பிள்ளை வேண்டும் என்று நின்றாள் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். நான் ஜெயித்தவன். ஆனால் என்னை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “இங்க பாருங்க” என்பாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முன்னால் “சேர்” என்பாள். ஜெயகுமார் ரோட்டில் போனால் வாசலில் நின்று, “மச்சான், அத்தைக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?” என்று கேட்பாள். எந்த ஒளிவும் இல்லை, சின்ன வயதிலிருந்து பழகிய வாய். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் கசந்தது.

அந்த வியாழக்கிழமை லயத்தில் யாரும் இல்லை. எல்லாரும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். அவன் கூரையில், அவள் வீட்டுக்குள். பதினொரு மணி இருக்கும். அவளுடைய மூளையில் ஓர் இரத்தக்குழாய் வெடித்தது. ஓட்டோவில் அவன்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு பதுளைக்கு ஓடினான். பாதி வழியில் முடிந்துவிட்டது. நான் ஒன்பதாம் ஆண்டுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கைப்பேசி மேசை லாச்சிக்குள் கிடந்தது.

செத்த வீட்டில் மாமியார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“கடைசியா எம்புள்ள என்னடா சொன்னா? ஒரு வார்த்தையாவது சொன்னாளா?”

அவன் நிலத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“‘படம் புள்ளி புள்ளியா இருக்கு மச்சான், அவரு வர்றதுக்குள்ள சரியாக்கிடு’ன்னா மாமி. அவ்வளவுதான்.”

பெண்கள் சத்தம் போட்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் ‘அவரு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். நான்கு மாதம் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினேன், பஸ் ஏறினேன், பாடம் நடத்தினேன். அதிலும் ஒரு முள் இருந்தது. அந்தச் சொல்லை அவன் தன் காதால் கேட்டிருக்கிறான். எனக்கு அவன் வாயால்தான் கிடைத்தது.

போன வெள்ளிக்கிழமை பேய்க்காற்று அடித்தது. சனிக்கிழமை காலையில் டீவியைப் போட்டால் கறுப்புத் திரை, நடுவில் சிக்னல் இல்லை என்று ஒரு வரி. அன்டனா திரும்பிவிட்டது. வாசலில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மாடசாமி அண்ணன் பல் துலக்கிக்கொண்டே வந்தார். தேயிலை பெக்டரியில் வேலை செய்கிறவர், வாய் சும்மா இருக்காது.

“ஜெயகுமாருக்கு ஒரு கோல் போடுங்க சேர். அஞ்சு நிமிசத்துல திருப்பிட்டுப் போயிருவான்.”

“வேணாம். நான் ஏறுறேன்.”

“நீங்களா? வெண்கட்டி புடிக்கிற கை சேர் அது.”

“நீங்க உள்ள நின்னு டீவியப் பாருங்க. வந்தா சொல்லுங்க.”

“சொல்றேன், சொல்றேன். விழுந்தீங்கன்னா பிள்ளைங்களுக்கு ஒரு கிழமை லீவு. உங்க பேரச் சொல்லி வெளையாடுவாங்க.”

தண்ணீர்ப் பீப்பாயில் கால் வைத்துச் சுவரைப் பிடித்து ஏறினேன். அன்டனாக் குழாயை இறுக்கியிருந்த போல்ட்டில் குறடு கடித்த தடம் இருந்தது. ஜெயகுமாரின் குறடு. நான்கு மாதமாக நான் பார்த்த ஒவ்வொரு படமும் இவன் கை வைத்த கோணத்தில் வந்த படம். அவள் உள்ளேயிருந்து கூவ, இவன் திருப்பித் திருப்பி வைத்த கோணம். என் வீட்டுக் கூரையில் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை. காற்று அதைக் கலைத்ததில் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது.

குழாயைப் பாறையின் பக்கம் மெல்லத் திருப்பினேன்.

“கறுப்பு!” என்றார் மாடசாமி அண்ணன் உள்ளேயிருந்து. “இன்னும் கறுப்பு… கறுப்புதான்… ஆ, வந்திருச்சு! விடுங்க, விடுங்க! ஐயோ போயிருச்சு. கைய ஏன் ஆட்டுறீங்க?”

“புள்ளி புள்ளியாத் தெரியுதா?” என்று கேட்டேன். தேவையில்லாத கேள்வி. அந்தச் சொல்லை அந்த இடத்தில் நின்று கேட்க வேண்டும் போல இருந்தது.

“என்னது?”

“புள்ளி. புள்ளி விழுதா?”

அவர் வாசலுக்கே வந்துவிட்டார். அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

“புள்ளியெல்லாம் பழைய காலத்தோட போச்சு சேர். இதுல வந்தா முழுப் படம், இல்லாட்டிக் கறுப்பு. மிஞ்சிப் போனா கட்டங்கட்டமா ஒடஞ்சு நிக்கும். புள்ளி எங்க விழும்? சயன்ஸ் மாஸ்டருக்கு நாஞ் சொல்லணுமா?”

சொல்லத்தான் வேண்டியிருந்தது. பழைய ஒளிபரப்பில் அலை பலம் குறையக் குறையப் படத்தில் புள்ளி கூடும். டிஜிட்டலில் அப்படி இல்லை. இது எனக்குத் தெரியாததல்ல. நான்கு மாதமாக யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு வயர் பெட்டியில் இருந்தது. நானே சொருகியது. அந்தத் திரையில் அவள் புள்ளியைப் பார்த்திருக்கவே முடியாது.

அவள் அதைச் சொல்லவில்லை. அதைச் சொல்லவில்லை என்றால் ‘அவரு வர்றதுக்குள்ள’ என்பதையும் சொல்லவில்லை.

“சேர்! படம் வந்திருச்சு, எறங்குங்க!” என்று மாடசாமி அண்ணன் கத்தினார். நான் கூரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு என்ன சொன்னாள்? மறைத்து, அந்த இடத்தில் வேறொன்றைச் செய்து வைக்கும்படி என்ன இருந்தது? செத்துப்போனவளைச் சந்தேகிப்பது அசிங்கம் என்று எனக்குத் தெரியும். வெட்கம் வரவில்லை. நான்கு மாதத்தில் முதல் தடவையாக உடம்பில் சூடு ஏறியது. துக்கம் என்று நினைத்தேன். இல்லை. பொறாமை.

பத்து மணி பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். சனிக்கிழமைகளில் ஜெயகுமார் ஹாஷிம் நானாவின் கடையில் இருப்பான். முக்காலியில் உட்கார்ந்து வயரின் தோலைச் சீவிக்கொண்டிருந்தான். சுவரில் ஒன்பது டீவி. ஒன்பதிலும் ஒரே பெண் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“வாங்க மாஸ்டர்! படம் எப்பிடி?” என்றார் ஹாஷிம் நானா.

“நானா, இந்தப் பெட்டியில புள்ளி புள்ளியாப் படம் வருமா?”

“புள்ளி தெரிஞ்சா அது ஈ மாஸ்டர். துணியால தொடைங்க.”

அவரே சிரித்தார். ஜெயகுமார் சிரிக்கவில்லை. சீவிக்கொண்டிருந்த கை நின்றது. நானா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியை எடுத்தார்.

“நான் தொழுதுட்டு வாறேன். கடையப் பாத்துக்க ஜெயகுமார்.”

தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் போய்விட்டார்.

“அவ புள்ளின்னு சொல்லல,” என்றேன்.

அவன் வயரைச் சுருட்டி மடியில் வைத்தான்.

“வாயில பழகுன சொல்லு சேர். பதினஞ்சு வருசமா கூரையில நின்னு கேட்டது அதத்தானே. மாமி கையப் புடிச்சுக் கேட்டதும் அது வந்துருச்சு.”

“‘அவரு வர்றதுக்குள்ள’ன்னது?”

“அதுவும் நாஞ் சேத்ததுதான்.”

“அப்ப என்ன சொன்னா?”

“விடுங்க சேர்.”

“சொல்லக்கூடாத பேச்சா?”

“சீ. என்ன சேர் நீங்க.”

“என்னப் பத்தியா?”

“உங்களப் பத்தி இல்ல.”

அது உள்ளே போய் நின்றது. ஒன்பது டீவியிலும் எண்ணெய் கொதித்தது.

“அப்ப உன்னப் பத்தி,” என்றேன்.

அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

“சேர், நீங்க அவகூட மூணு வருசம் இருந்தீங்க. ராத்திரி பகலுன்னு எத்தனை ஆயிரம் பேச்சுக் கேட்டிருப்பீங்க. இது ஒண்ணே ஒண்ணு. எனக்குச் சொன்னது. இத எனக்கு விட்டுடக் கூடாதா?”

விட்டிருக்கலாம். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த நியாயமே எனக்கு ஆத்திரமாக இருந்தது. நான்கு மாதம் இவன் அதை வைத்துக்கொண்டு கூரை கூரையாக ஏறி இறங்கியிருக்கிறான். நான் இவன் செய்து தந்த பொய்யை வைத்துக்கொண்டு பாண் வெட்டியிருக்கிறேன்.

“நான் அவ புருசன்.”

“அதனாலதான் சொல்லல. அத்தனை சனத்துக்கு முன்னால, உங்களப் பக்கத்துல வச்சுக்கிட்டு, கடைசியா என்கிட்டத்தான் பேசினா, எனக்காகத்தான் பேசினான்னு எப்பிடிச் சொல்ல? மாடசாமி அண்ணன் மாதிரி ஆளுங்க வாய மூடுவாங்களா? உங்களுக்கும் ஒண்ணு வேணும்னு தோணுச்சு. செஞ்சு குடுத்தேன்.”

“நெசத்த நீ வச்சுக்கிட்ட.”

“ஆமா சேர்,” என்றான். மன்னிப்புக் கேட்கும் குரல் இல்லை. “வச்சுக்கிட்டேன்.”

நான் நகரவில்லை. ஒருவர் வந்து ரிமோட்டுக்கு பெட்டரி கேட்டார். ஜெயகுமார் எடுத்துக் கொடுத்தான். அவர் போன பிறகும் நான் அதே இடத்தில் நின்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தான்.

“ஒரே தடவையில படம் வந்திருச்சு சேர். பாறையப் பாத்துத் திருப்பினதும் வந்திருச்சு. ‘வந்திருச்சு’ன்னு உள்ளேயிருந்து ஒரு கத்து. நான் போல்ட்ட இறுக்கிட்டு எறங்கத் திரும்பினேன். அவ வெளிய ஓடி வந்தா. சிரிச்சுக்கிட்டுத்தான் வந்தா. தலை வலிக்குதுன்னுகூடச் சொல்லல. நான் மூணாவது படியில கால் வைக்கிறப்போ கீழ சத்தம் கேட்டுச்சு. குனிஞ்சு பாக்குறேன், விழுந்து கெடக்குறா.”

“அதுக்கு முந்தி.”

அவன் வாசலைப் பார்த்தான். பிறகு, எனக்குக் கொடுப்பதற்காக இல்லை, தான் இன்னொரு தடவை கேட்டுக்கொள்வதற்காகப் போல, மெல்லிய குரலில் சொன்னான்.

“ஏணிய நான் புடிச்சுக்கிறேன் மச்சான். நீ மெதுவா எறங்கு.”