வெயிலில் வைத்த பாட்டு

பூவம்மாவுக்கு வாய் நீளம் என்று காசிமேட்டில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டுமே! கருவாடு விற்கிறவள் மெதுவாகப் பேசினால் காக்காய்தான் வந்து வாங்கும். அப்படிப்பட்டவள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராயபுரத்தில் தம்பி மகள் நீலாவின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் வாயைத் திறக்க மாட்டாள். வாசல் குழாயில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, மோந்து பார்த்து, வாடை போகவில்லையென்று மறுபடியும் கழுவிவிட்டு, கிராமபோன் பெட்டிக்கு எதிரே தரையில் உட்காருவாள். பெட்டியை மட்டும் தொடமாட்டாள்.

தொடாததற்குக் காரணம் பயம்தான். பெட்டி நீலாவின் புருஷன் ரகுபதி வாங்கியது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், நல்லவன். ஆனால் அதில் பாடுவது பூவம்மாவின் மகன் லோகநாதன். நாடகக் கம்பெனியோடு ரங்கூனுக்குப் போய், அங்கே காய்ச்சல் கண்டு, அங்கேயே மண்ணுக்குள் போய்விட்டவன். கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஒரே ஒரு பிளேட்டுக்குப் பாடிக் கொடுத்திருந்தான். பிளேட்டும் சரியாக விற்கவில்லை. அவனுடைய தோஸ்து ஒருவன் அதைக் கொண்டுவந்து கையில் கொடுத்தபோது பூவம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறுப்பாக, வழவழவென்று ஒரு தட்டு. இதில் எங்கே இருக்கிறான் என் பிள்ளை?

நீலாதான் விளங்க வைத்தாள்.

"இத்தப் பாரு அத்தே. மாமா பாடசொல்லோ அந்தச் சத்தம் அப்டியே கோடா வுழுந்துகீது. ஊசி அந்தக் கோட்டு மேல போவசொல்லோ மறுபடியும் சத்தமா வருது."

"அந்தக் கோட்டுக்குள்ளயா கீறான்?"

"அவரு இல்ல அத்தே, அவரு சத்தம்."

"சத்தம் வேற, அவன் வேறயாடி?"

நீலா பெட்டியின் பக்கவாட்டுப் பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்தாள், ஊசியை மாற்றினாள், ஊசி மாட்டிய கையைப் பிளேட்டின் மேல் மெல்ல இறக்கினாள். லோகநாதன் பாடினான். மெல்லிசான குரல், இன்னும் முற்றாத குரல். அவன் உயிரோடு இருந்தபோது பூவம்மா அந்தக் குரலைக் கேலி பண்ணாத நாள் கிடையாது. "உங்கப்பனுக்கும் இள வயசுல இந்தக் கீச்சுக் குரல்தான்டா. வயசு ஏறட்டும், கட்டக் குரலு தன்னால வரும்" என்பாள். கடலோடு போன அவள் புருஷன் அப்பாவு கரையில் நின்று கூப்பிட்டால் கட்டுமரத்தில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான், அப்பேர்ப்பட்ட குரல்.

நீலாவுக்கு லோகநாதன் முறை. ரங்கூனிலிருந்து வந்ததும் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள். அவனுக்குப் பதில் சாவுச் செய்திதான் வந்தது. ஒரு வருஷம் பொறுத்து, தம்பி திருமலை அவளை ரகுபதிக்குக் கொடுத்தான். பூவம்மா மனசார வாழ்த்தினாள். சின்னப் பெண், அழுது முடித்து மறந்திருப்பாள் என்று நினைத்தாள். அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் நீலா பிளேட்டைப் பழைய சேலைத்துணியில் சுற்றி அத்தையிடம் நீட்டினாள்.

"உம் புள்ள பாட்டு, உன் வூட்லயே இருக்கட்டும். வெள்ளிக்கெயம வர்சொல்லோ எடுத்துகினு வா."

முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். பூவம்மா அதை எங்கே கவனித்தாள்? பிள்ளையை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகிற பெருமை அவளுக்கு. தெருவில் எதிர்ப்பட்டவளையெல்லாம் நிறுத்தி, "தள்ளிப் போ, இடிச்சிடாத, எம் புள்ள கீறான்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. குடிசைக்குள் காய்ந்த இடம் என்று கையகலம் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. பூவம்மா துணியைப் பிரித்தாள். பிளேட்டு முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி பூசணம்! அவள் கைக்குத் தெரியாத சங்கதியா இது? ஈரம் கண்ட வஞ்சிரத்துக்கும் வாளைக்கும் அவள் என்ன செய்வாளோ, வலைக்கும் பாய்க்கும் என்ன செய்வாளோ, அதைத்தான் செய்தாள். மணலில் பாயை விரித்து, கருவாட்டுக்கு நடுவே நல்ல இடமாகப் பார்த்துப் பிளேட்டை வெயிலில் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து காக்காய் ஓட்டினாள். ஒரு பக்கம் காய்ந்ததும் மறுபக்கம் திருப்பிப் போட்டாள். அடிப்பக்கம் காய வேண்டாமா, பின்னே!

உச்சிப்பொழுது தாண்டியதும் எடுத்தாள். பூசணம் போய்விட்டிருந்தது. முந்தானையால் துடைத்தபோது பளபளவென்று மின்னியது. சந்தோஷத்தோடு தூக்கிப் பிடித்தாள். கையில் அது தோசை மாதிரி தொங்கியது. ஐயையோ என்று நிழலுக்கு ஓடி உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் எழும்பியது. சூடு ஆறியதும் அது எப்படி நெளிந்திருந்ததோ அப்படியே இறுகிவிட்டது.

கொன்றுவிட்டேன், ரங்கூன் காய்ச்சல் மிச்சம் வைத்ததை நான் கொன்றுவிட்டேன். ராயபுரம் போகிற வழி நெடுக அவள் மனசு இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தது.

நீலா ஏதோ வேறு பிளேட்டு போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தையைப் பார்த்ததும் அதை எடுத்து வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே துணியைப் பிரித்தாள். சிரிப்பு நின்றது.

"இன்னா அத்தே பண்ண?"

"பூசணம் புட்ச்சிகினு இருந்திச்சிம்மா. வெயில்ல வெச்சேன்."

"வெயில்லயா! இது இன்னா கருவாடா? அரக்கு அத்தே, உருகிப்பூடும்னு தெரியாதா?"

"நீ சொல்லலியேடி, அம்மா!"

சொல்லவில்லைதான். சாவி, ஊசி, கோடு எல்லாம் சொன்னவள் இதைச் சொல்லவில்லை. நீலா பிளேட்டை மார்போடு பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யானைக்கவுனில இருக்கிற கடையெல்லாம் கேட்டாச்சி. வேற பிளேட்டு கெடையாதுன்ட்டான். இது ஒண்ணுதான் இருந்திச்சி."

"ஏசுடி என்னிய. எம் புள்ளய நானே..."

"உனுக்கு மட்டுந்தான் பூட்டாரா அத்தே?" நீலா கத்தினாள். கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். "இந்தக் குரலு இந்த வூட்ல இருக்கவாணாம்னாரு எம் புருசன். அதான் உங்கையில குட்த்தேன். நீ வெள்ளிக்கெயம வருவன்னுதான் மத்த நாளெல்லாம் இருக்கேன்."

பூவம்மா இத்தனை நாள் தனக்காக இந்தப் பெண் பெட்டியைத் திறக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தாள்? கிட்டே போய் நீலாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கை கழுவவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டாள்.

"போட்டுத்தான் பாரேன்" என்றாள்.

நீலா எழுந்து போட்டாள். பிளேட்டு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டு சுற்றியது. ஊசி வழுக்கி ஓரத்துக்கு ஓடியது. மறுபடி வைத்தாள், மறுபடியும் ஓடியது. அதற்கடுத்த தடவை பிடித்துக்கொண்டது. லோகநாதன் பாடினான்! குரல் ஏறி இறங்கித் தள்ளாடியது, ஆனால் அவன்தான். இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள்.

பதற்றத்தில் நீலா சாவி கொடுக்க மறந்திருந்தாள். முந்தைய பிளேட்டுக்குக் கொடுத்ததில் மிச்சம் இருந்ததுதான் ஓடியது. பாதிப் பாட்டில் சுற்று தளர்ந்தது. குரல் இறங்கத் தொடங்கியது. கீச்சு போய், கனத்து, வார்த்தைகள் நிதானமாக வந்தன. நீலா பிடியைச் சுற்றக் கையை நீட்டினாள். பூவம்மா அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள்.

"வுடுடி. சாவி குடுக்காத."

"நின்னுடும் அத்தே."

"நிக்கட்டும். அவங்கப்பன் குரலு வருது, கேளு. இங்கயே இருந்திருந்தா இப்டித்தான்டி பேசிகினு இருப்பான். கொஞ்சம் வயசாவட்டும் எம் புள்ளக்கி."

நீலா கையை இழுத்துக்கொள்ளவில்லை. லோகநாதன் நடுவயசுக்காரனானான், அப்பாவு ஆனான், அப்பாவுவுக்கும் வாய்க்காத கிழவனானான். கடைசிச் சொல் முனகலாக இழுத்து நின்றது.

பூவம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிளேட்டைத் தானே எடுத்துத் துணியில் சுற்றினாள். அந்தப் பெட்டியில் அவள் கை பட்டது அன்றைக்குத்தான்.

"அடுத்த வெள்ளிக்கெயமயும் கொணாறேன்" என்றாள். "எனக்கோசரம் இல்ல, உனக்கோசரம். உம் புருசன் கேட்டாருன்னா, கெயவி பேஜாரு பண்றா, அவளுக்குத்தான் போடறேன்னு சொல்லிடு."

பூவம்மா வாசலுக்கு வந்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திச் சொன்னாள்.

"கெயவிக்கு வேற இன்னாடி வேல? எம் புள்ள பாட்ட நான் கேக்க வருவேன்!"