நீல டிரம் தண்ணீர்

மீனம்மாளுக்கு ஏழு நாளாக இடுப்பு விட்டுப்போயிருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை. ஆனாலும் நாகநாதன் கடைசிச் சட்டிப் பயிரைப் பிடுங்கும்வரை நகராமல் நின்றாள். விதை அவளுடையது.

2003 வைகாசி. பெரியபட்டினத்துக்கு வெளியே ஒரு கொட்டகை, அதில் எண்பது சட்டியில் குழியடிச்சான் என்ற நாட்டு நெல். மூன்று வருஷம் மழை பொய்த்ததில் ஊரில் அந்த விதை வேறு யாரிடமும் இல்லை. மதுரையில் ஆராய்ச்சி செய்யும் கடலாடிக்காரன் நாகநாதன் கேட்டான் என்று பானையடியில் கிடந்த ஒரு கைப்பிடியைக் கொடுத்து, தண்ணீர் ஊற்றும் வேலைக்கும் வந்தாள். பாதிச் சட்டிகளைக் கதிர் முற்றவிட்டு, புரட்டாசி விதைப்புக்கு நாலு கைப்பிடியாகத் தருவதாகச் சொல்லியிருந்தான்.

காலையில் மதுரையிலிருந்து அவனுடைய பேராசிரியர் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லிப் போன் செய்தார். எண்பதையும் வேரோடு பிடுங்கித் திரவ நைட்ரஜனில் போட்டான். வெள்ளையாகப் புகை பொங்கியது. எடுத்து உரலில் தட்டினான். இலை அப்பளமாக நொறுங்கியது.

மீனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விதைக்கு ஒண்ணுகூட விடலயே தம்பி?"

"சாரு விடலக்கா. வேற எங்கிட்டாவது தேடித் தாரேன்."

"தேடித்தானே எங்கிட்ட வந்தீக?"

அவன் பேச்சை மாற்றினான். உப்புப் பட்டதும் பயிருக்குள் எந்த மரபணு வேலையைத் தொடங்குகிறது என்பதை இந்தப் பொடியிலிருந்து எடுக்கும் ஆர்.என்.ஏ. காட்டிவிடும், அதற்குத்தான் நாற்பது சட்டிக்கு நல்ல தண்ணீர், நாற்பதுக்கு நீல டிரம்மில் கரைத்து வைத்த உப்புத் தண்ணீர் என்றான்.

"ஏழு நாள் உப்பக் குடிச்சும் ஒரு நுனி கருகல பாத்தீகளா? ஒங்க நெல்லு லேசுப்பட்டதில்ல."

"அது எங்க உப்பக் குடிச்சுச்சு?"

"என்னக்கா?"

"மொத நாளே வாயில வச்சுப் பாத்தேன், கரிச்சுச்சு. தெரியாம உவர்த் தண்ணிய நெரப்பிட்டீகன்னு கவுத்துக் கழுவிட்டேன். பச்சப் பயிருக்கு அத எவ ஊத்துவா? பள்ளிவாசல் குழாயில புடிச்சு, தெனம் பத்துக் கொடம் செமந்தேன். இடுப்பே போச்சு."

நாகநாதன் டிரம்மில் விரலை விட்டு நக்கினான். நல்ல தண்ணீர். இன்னொரு தடவை நக்கினான். அங்கேயே உட்கார்ந்துவிட்டான். எண்பதும் ஒரே தண்ணீர் குடித்த பயிர். ஒப்பிட ஒன்றுமில்லை. மறுபடி விதைக்க ஒரு மணிகூட இல்லை.

"எதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மீனம்மாள்.

"தண்ணி ஊத்த வந்தவகிட்ட அதெல்லாம்..." என்று இழுத்தான்.

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காலிச் சட்டிகளை அடுக்கினாள். நாகநாதன் அவளுக்குத் தர வேண்டியது நாலு கைப்பிடி குழியடிச்சான் விதை.