குடித்தனக்காரன் சார்பில்

ஹேமிஷ் செய்தித்தாளில் சுற்றிய யங்கோனா வேர்க்கட்டோடு வாசலில் வந்து நின்றபோது அசெனதாவுக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வருகிறவன் பேனாவோடு வந்தால் போதும். வேரோடு வந்தால் உட்கார வேண்டும், இடிக்க வேண்டும், கரைத்துக் குடிக்க வேண்டும், முறையாகப் பேச வேண்டும். சாயங்காலம் ஆகிவிடும்.

"பெரியவங்க வர்றாங்கன்னா இது இல்லாம போகக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க" என்றான்.

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க. உள்ள வாங்க."

அவன் நியூசிலாந்துக்காரன். நாற்பது வயதிருக்கும். தீவு தீவாகப் போய்க் கடல் மட்டம் அளக்கும் கருவிகளைப் பழுது பார்ப்பது வேலை. மனைவி அடுத்த மாதம் வருகிறாள். பிஜியின் லாமியில் இருந்த அசெனதாவின் வீடு அவனுக்குப் பிடித்திருந்தது. வாடகையும் பிடித்திருந்தது. ஒன்றே ஒன்று கேட்டான். வேலை முடிந்து நாட்டை விட்டுப் போகும்படி ஆனால், இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை நடுவில் முடித்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

அவள் முடியாது என்றாள். அது இல்லாமல் முடியாது என்று அவன் சொன்னான். மூன்று வாரமாக இருவரும் மின்னஞ்சலில் மரியாதையாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு விமானம். ஆஸ்திரேலியாவில், டூவூம்பாவில், ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு வருட வேலை. மூன்று தடவை விண்ணப்பித்து நாற்பத்தாறு வயதில் கிடைத்தது. வீடு அம்மா விட்டுப் போனது. கூரை மாற்ற வாங்கிய கடன் வாடகையில் ஓடுகிறது. இரண்டு வருடமும் வீட்டில் குடித்தனம் இருந்தால் அவள் அங்கே இருக்கலாம். இல்லாவிட்டால் திரும்பி வர வேண்டும்.

வாடகை ஒரு மாதம் நிற்பதுகூடப் பெரிதில்லை. அவள் பயந்தது காலி வீட்டுக்கு.

இதற்கு முன், அசெனதா வேலையிடத்து விடுதியில் தங்கி வீட்டை வாடகைக்கு விட்டபோது, இருந்தவள் ஒரு டென்மார்க் பெண். ஏழாவது மாதம் அழுதுகொண்டே வந்தாள். அவள் வேலை பார்த்த திட்டத்தை மூடிவிட்டார்கள். அசெனதா மனமிரங்கிப் போக விட்டுவிட்டாள். அவள் ஞாயிற்றுக்கிழமை போனாள். செவ்வாய்க்கிழமை ஓவலாவ் தீவிலிருந்து ஒரு சித்தப்பா வந்தார், ஆஸ்பத்திரியில் கண் காட்ட. வியாழக்கிழமை அவருக்குத் துணையாக நான்கு பேர். பிறகு ஒரு தேவாலயப் பாடகர் குழு, பதினோரு நாள். வீடு சும்மா கிடக்கும்போது சொந்தக்காரர் வந்து கேட்டால் இல்லை என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. அசெனதாவுக்கும் எழவில்லை. நான்கு மாதம் கழித்து, கறையான் என்று பொய் சொல்லித் தரைப் பலகைகளைப் பெயர்த்த பிறகுதான் வீடு கைக்கு வந்தது.

அதனால்தான் இந்த முறை தைலேவுவிலிருந்து மாமன் மகன் அபாகூகியை வரவழைத்திருந்தாள். துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் சுங்க அதிகாரியாக இருந்தவர். எதிரே இருப்பவர் அழுதாலும் பெட்டியைத் திறக்கச் சொல்லுவார். கூடவே அவர் தம்பி சகியூசாவும் வந்திருந்தான்.

பாய் விரித்து உட்கார்ந்தார்கள். உள்பக்கம் அபாகூகி. கதவுப் பக்கம் ஹேமிஷ், முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல். நடுவில் வேர்க்கட்டு.

அபாகூகி அதைத் தொடவில்லை. "இவர் பக்கம் யார் பேசறது?" என்று கேட்டார்.

"அவரே பேசுவார். வாய் இருக்கே" என்றாள் அசெனதா.

"வந்தவரே தன் வேரை நீட்டிட்டு தனக்காகப் பேசறதா? துணைக்கு ஆள் இல்லாத மனுஷனை உக்கார வெச்சு மடக்கிட்டான்னு ஊர்ல என்னைத்தான் சொல்வாங்க. சகியூசா கரைக்கணும். நான் வீட்டுப் பக்கம். மிச்சம் யாரு?"

மிச்சம் அவள்தான்.

"மச்சான், இது என் வீடு."

"அதனாலதான் சொல்றேன். அவருக்கு என்ன வேணும்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்? மூணு வாரமா ரெண்டு பேரும் கடுதாசி போட்டுக்கறீங்க. எந்திரிச்சு அந்தப் பக்கம் போ."

"உங்களைக் கூப்பிட்டது எனக்காகப் பேச."

"உனக்காகத்தான் பேசப் போறேன். உன்னை எதிர்த்து."

சகியூசா வேரை இடிக்கும் உரலைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டு சிரித்தான். அசெனதா எழுந்து போய் ஹேமிஷ் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்று அவன் ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டான்.

"இல்ல. இப்ப நான் உங்க வக்கீல்."

"நீங்க வீட்டுக்காரங்க ஆச்சே."

"அதுவும்தான்."

அவள் வேரை முன்னால் தள்ளி வைத்து, கடல் தாண்டி வந்தவர் கொண்டுவந்தது, சின்ன வேர், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பிஜி மொழியில் முறைப்படி சொன்னாள். அபாகூகி தொட்டு ஏற்றுக் கை குவித்துத் தட்டினார். சகியூசா இடித்துக் கரைத்தான். முதல் சிரட்டை அபாகூகிக்கு, அடுத்தது ஹேமிஷுக்கு. அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகம் சுளிக்காமல் இருக்கப் பாடுபட்டான்.

"ரெண்டு வருஷம்னு எழுதினா ரெண்டு வருஷம். நடுவுல எழுந்து போறவருக்கு இந்த வீடு இல்ல" என்று அபாகூகி ஆரம்பித்தார்.

ஒரு வாக்கியம் பேசித் தோற்றுவிடலாம் என்று அசெனதா நினைத்தாள். "அவர் வேலை அவர் கையில இல்ல. வருஷா வருஷம் வேற நாட்டுல யாரோ பணம் ஒதுக்கினாத்தான் உண்டு."

"அது அவர் கஷ்டம்."

"ஆமா. அவர் கஷ்டம்."

"நல்ல வக்கீல்" என்றான் சகியூசா.

அபாகூகிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒழுங்காப் பேசுடீ. இப்படி ஒரு ஆள்கிட்ட ஜெயிச்சேன்னு நான் வெளிய சொல்லிக்க முடியுமா?"

அவள் ஹேமிஷ் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டாள். "இந்த ஒரு வரிக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்?"

"ஹோனியாராவுல அந்த வரி இல்லாம கையெழுத்துப் போட்டேன். மூணாவது மாசம் வேலையை இங்க மாத்திட்டாங்க. இருக்காத வீட்டுக்குப் பதினோரு மாசம் வாடகை கட்டினேன். மாமரம் காய்ச்சிருக்குன்னு வீட்டுக்காரர் நல்ல மனசோட போட்டோ அனுப்பினார்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

டூவூம்பாவில் அவளுக்கு ஓர் அறை தருகிறார்கள். அதற்கும் ஒப்பந்தம் வந்திருந்தது, கைபேசியில், ஒன்பது பக்கம். இரவுப் பணி முடிந்து பஸ்ஸில் வரும்போது படித்தாள். வாடகையைப் பார்க்கவில்லை. சமையலறை உண்டா என்று பார்க்கவில்லை. வேறொன்றைத் தேடினாள்.

"மச்சான்" என்றாள். இந்த முறை குரல் வேறாக இருந்தது. "எனக்கும் அங்க ஒரு ரூம். நான் மொதல்ல எந்த வரியைத் தேடினேன் தெரியுமா? முடியலைன்னா எப்படி விட்டுட்டு வர்றதுன்னு. ஏழாவது பக்கத்துல இருந்துச்சு. நாலு வாரம் முன்னாடி சொன்னாப் போதும். அதைப் பாத்தப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்."

"போறதுக்கு முன்னாடியே வர்றதைப் பத்தியா?"

"அந்த வரி இருக்கிறதாலதான் ரெண்டு வருஷமும் இருந்துடுவேன்னு தோணுது. இல்லாட்டி மொத வாரமே ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். இவரும் அப்படித்தான்."

அபாகூகி சிரட்டையை வாங்கிக் குடித்தார். கை தட்டினார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"நியாயம்தான்" என்றார். "சரி, போறார்னு வெச்சுக்கோ. நீ டூவூம்பாவுல. வீடு காலி. செவ்வாய்க்கிழமை யார் வருவா?"

"சித்தப்பா."

"அப்புறம்?"

"பாட்டுக்காரங்க."

"யார் இல்லைன்னு சொல்றது? நானா? எனக்கும் ஓவலாவுல போய்த் தலை காட்டணும்."

"அண்ணன்தான் மொத ஆளா வருவான்" என்றான் சகியூசா. "இவர் காலடி ஈரம் காயறதுக்குள்ள பாயைச் சுருட்டிட்டு வந்துருவான்."

"வாயை மூடிட்டு ஊத்துடா."

மூன்று வாரமாக அசெனதாவை அரித்த கேள்வி இதுதான். வீட்டுக்காரியாக அதற்கு அவளிடம் பதில் கிடையாது. ஆனால் இப்போது அவள் குடித்தனக்காரன் பாயில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தபோது அபாகூகி தெரிந்தார், சகியூசா தெரிந்தான், இருவருக்கும் பின்னால் ஓவலாவ் முழுக்கத் தெரிந்தது. எல்லோரும் கேட்கப் போவது ஒரே பொருளை.

"சாவி நம்ம குடும்பத்துல யார்கிட்டயாவது இருந்தாத்தானே கேப்பாங்க?" என்றாள் மெதுவாக.

"இருக்கத்தானே செய்யும்."

"இருக்காது. இவர் போகும்போது சாவியை நம்மகிட்டக் கொடுக்க மாட்டார். இவர் ஆபீஸ்ல கொடுப்பார். அடுத்த குடித்தனம் வர்ற வரைக்கும் அங்கயே இருக்கும். வாசல்ல காவலாளிகிட்ட பேர் எழுதி, மூணாவது மாடி ஏறி, மேஜைக்கு எதிர்ல நின்னு எந்தச் சித்தப்பா கேப்பார்?"

அபாகூகியின் வாய் லேசாகத் திறந்தது.

அவள் விடவில்லை. "இவர் மேஜை, கட்டில், ஜன்னல் திரை எல்லாம் அப்படியே இருக்கும். வெளியில இருந்து பாத்தா ஆள் இருக்கிற வீடு. புதுசா வேலைக்கு வர்றவங்க வீடு கிடைக்காம ஹோட்டல்ல ஆறு வாரம் படுத்துக் கெடக்கறாங்க. ரெண்டு மாச நோட்டீஸ் இருந்தா அதுக்குள்ள ஒருத்தரை ஆபீஸே இங்க அனுப்பிடும். என் கட்சிக்காரர் இதுக்கெல்லாம் சம்மதிக்கிறார்."

"கேட்டியா?"

"நான்தான் அவர் வக்கீல்."

பேச்சு பிஜி மொழியில் நடந்ததால் ஹேமிஷுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவள் தன்னைக் கைகாட்டியபோது மட்டும் தலையாட்டினான். அது நன்றாகவே எடுபட்டது.

அபாகூகி தானோவா என்ற மரக்கிண்ணத்தில் மிஞ்சியிருந்த யங்கோனாவையே பார்த்தார். சுங்கத்தில் சந்தேகப் பெட்டியை எதிர்கொண்டால் இப்படித்தான் பார்ப்பாராம். பிறகு மூன்று முறை கை தட்டினார். "தோத்துட்டேன்" என்றார், நிறைவாக.

அசெனதா ஹேமிஷிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். "ஜெயிச்சுட்டீங்க. வேலை முடிஞ்சா ரெண்டு மாச நோட்டீஸ்ல போகலாம். ஆனா போகும்போது சாவியை எங்க குடும்பத்துல யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஆபீஸ்லதான் கொடுக்கணும். சாமான் அடுத்த ஆள் வர்ற வரைக்கும் இங்கயே. என் மச்சான்னு சொல்லிட்டு யாராவது வந்தாலும் கொடுக்கக் கூடாது."

"உங்களுக்கும் கூடாதா?"

அவள் யோசித்தாள். நாலு வாரம் முன்னாடி சொல்லிவிட்டு ஒருநாள் டூவூம்பாவிலிருந்து வந்து இறங்கினால்?

"நான் வந்தா மொதல்ல ஆபீஸ்ல வந்து கேக்கறேன்."

"வீட்டுக்காரங்களே சாவி கொடுக்காதேன்னு சொல்றது இதுதான் மொத தடவை" என்றான். ஆபீஸ் நிர்வாகியைக் கைபேசியில் கூப்பிட்டான். அவள் பெயர் மெரியோனி, நௌசோரியைச் சேர்ந்தவள். அவன் பாதி சொல்லும்போதே அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, "ஒத்துக்கிட்டாங்க. அவங்க தன் சொந்த வீட்டுச் சாவியையும் ஆபீஸ்லயே வெச்சுக்கலாமான்னு கேக்கறாங்க" என்றான்.

அசெனதா ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் கையால் எழுதினாள். வேலை முடிந்ததற்கு ஆபீஸ் கடிதம் காட்ட வேண்டும், நோட்டீஸ் இரண்டு மாதம், எல்லாச் சாவியும் ஆபீஸில். ஹேமிஷ் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். அவளும் போட்டாள். சாட்சிக்கு அபாகூகி.

பேனாவை மூடாமலே அவர் கேட்டார். "எல்லாச் சாவியும்னா, எல்லாமா?"

"எல்லாம்."

அவர் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு சாவியை எடுத்துப் பாயில் வைத்தார். அசெனதா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது எப்போ?"

"பாட்டுக்காரங்க வந்தப்போ. யாராவது ஒருத்தர் பொறுப்பா இருக்கணும்ல."

சகியூசா தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொன்றை வைத்தான்.

"இன்னும் எத்தனை இருக்கு?"

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஓவலாவுல ஒண்ணு" என்றார் அபாகூகி. "ரெண்டு" என்றான் சகியூசா.

விஷயத்தை அவள் சொன்னதும் ஹேமிஷ் எழுந்தான். கால் மரத்துப் போயிருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மழையில் காரை எடுத்துக்கொண்டு போய் அரை மணியில் புதுப் பூட்டோடு திரும்பினான். கருவிப் பெட்டி எப்போதும் காரில் இருக்கும். வாசலில் மண்டியிட்டுப் பழைய பூட்டைக் கழற்ற ஆரம்பித்தான். அபாகூகி குடை பிடித்தபடி பக்கத்திலேயே நின்று, திருகாணிகளை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுத்தார்.

அசெனதா சமையலறையில் மரவள்ளிக்கிழங்கு வேகவைத்து, தேங்காய்ப் பாலில் மீனைப் போட்டாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். பெட்டியில் கம்பளிச் சட்டை வைக்க இடமில்லை. வெளியே எடுக்க என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே தட்டுகளை எடுத்துவந்தாள்.

ஹேமிஷ் கை கழுவப் பின்பக்கம் போயிருந்தான். அபாகூகி வாசலில் தனியாக, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பாயில் வைத்த சாவியை எப்போது திரும்ப எடுத்தார் என்று தெரியவில்லை. அதைப் புதுப் பூட்டில் சத்தமில்லாமல் நுழைத்துப் பார்த்தார். போகவில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்தார்.

"நல்ல பூட்டு" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட வந்தார்.