நீல டேப்

ஆற்றங்கரையில் இறங்கிய நிமிஷத்திலிருந்து அந்த மிஷின் கத்திக்கொண்டேதான் இருந்தது. சோடா மூடிக்குக் கத்தியது, துருப்பிடித்த ஆணிக்குக் கத்தியது, எங்கோ ஒரு லேத்துப் பட்டறையிலிருந்து மண்ணோடு வந்து சேர்ந்த இரும்புச் சுருளுக்கும் கத்தியது. ஓசூர் மண்ணில் இரும்பு கிடைப்பது பெரிய காரியமில்லை, இரும்பு இல்லாமல் ஒரு கைப்பிடி மண் கிடைத்தால்தான் அதிசயம். இந்த லட்சணத்தில் மாதேஸ்வரியின் தாலியைத் தேடித் தருவதாக பாலாஜி சொல்லியிருந்தான். அவளும் அதை நம்பி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையாக அவன் பின்னால் நடந்துகொண்டிருந்தாள்.

பாலாஜிக்கு கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனியில் ஃபிட்டர் வேலை. பெல்ட்டில் ஓடும் கூழில் இரும்புத் துணுக்கு ஏதாவது கலந்திருக்கிறதா என்று பார்க்கும் கருவியைப் பழுது பார்ப்பவன். மாம்பழ சீசன் முடிந்துவிட்டால் கை சும்மா இருக்காது. ஆன்லைனில் நீளக் கைப்பிடி வைத்த மிஷின் ஒன்றை வாங்கி, ஏரியிலும் ஆற்றிலும் தொலைந்த நகைகளைத் தேடித் தருகிறான்.

"தங்கம் பாரம்ங்க. தண்ணி அத ரொம்ப தூரம் இழுத்துக்கினு போவாது. பாறை சந்துல எங்கனா ஒக்காந்துனு இருக்கும்" என்றான், முதல் ஞாயிறு சொன்னதையே திரும்பவும்.

பாறை எது, சந்து எது என்பதுதான் மாதேஸ்வரிக்குப் புரியவில்லை. கர்நாடகப் பக்கம் மழை பெய்து, அணை மதகைத் திறந்துவிட்டு, பத்து நாள் ஓடிய தண்ணீர் கரையை ஆளுயரத்துக்கு அரித்துக்கொண்டு போயிருந்தது. அவள் அடையாளம் வைத்திருந்த புங்க மரம் வேரோடு சாய்ந்து வேறு எங்கோ கிடந்தது. அன்று உட்கார்ந்து பூஜை செய்த மேடு இருந்த இடத்தில் வெறும் காற்றுதான் இருந்தது.

"இங்கதான்க்கா. இந்தக் கல்லுகிட்டதான் உக்காந்திருந்தோம்" என்றாள் சுப்ரியா.

சுப்ரியா கம்பெனியில் அவளோடு ஒரே லைனில் பக்கத்து நாற்காலியில் வேலை செய்கிறவள். திருநெல்வேலிக்காரி. புருஷன் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். ரெண்டு வருஷமாக போன்கூட இல்லை. தாலி தொலைந்தது மாதேஸ்வரியுடையது, ஆனால் பாலாஜியைத் தேடிப் பிடித்தது சுப்ரியா. முட்டியளவு சேற்றில் இறங்கிக் கையால் துழாவுவதும் அவள்தான். சொந்தத் தங்கச்சிகூட இப்படிச் செய்ய மாட்டாள் என்று மாதேஸ்வரி நெகிழ்ந்துபோவாள். சில நேரம், இவளுக்கு ஏன் என்னைவிட அவசரம் என்று ஒரு குழப்பமும் வரும். நல்லது செய்கிறவளைப் போய்ச் சந்தேகப்படுகிறோமே என்று அதை உடனே விழுங்கிவிடுவாள்.

தாலி எப்படி ஆற்றுக்குப் போனது என்று சொல்ல வேண்டும், அது கொஞ்சம் வேடிக்கையான கதை.

இவர்கள் வேலை செய்வது சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனி. லைனில் உட்காருகிறவர்கள் உடம்பில் உலோகம் தெரியக் கூடாது. வளையலைக் கழற்றலாம், தோட்டைக் கழற்றலாம், தாலியை எப்படிக் கழற்றுவது? சூப்பர்வைசரும் கல்யாணமானவர்தான், வீட்டுக்குப் பயந்தவர். டேப் சுற்றி மூடிக்கொண்டால் போதும் என்று அவரே வழி சொன்னார். அதிலிருந்து அறுபது பெண்கள் கழுத்திலும் கறுப்பு இன்ஸுலேஷன் டேப் சுற்றிய உருண்டைதான். தினம் பிரித்தால் பிசின் ஒட்டுகிறது என்று வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவார்கள். எவள் கழுத்தில் என்ன தாலி என்று அவளுக்கும் டேப்புக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆடிப் பதினெட்டு அன்று நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது டிரைவர் கரியப்பன் பாலத்தருகே பஸ்ஸை நிறுத்தி, பத்தே நிமிஷம் என்றார். பெண்கள் மஞ்சள் கயிறு மாற்ற ஓடினார்கள். கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது, அதனால் முதலில் மஞ்சள் கோத்த புதுக் கயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் பழைய கயிற்றைக் கழற்றி, அதிலிருக்கும் தங்கத்தைப் புதுக் கயிற்றுக்கு மாற்றிவிட்டு, பழையதை ஆற்றில் விட வேண்டும். மாதேஸ்வரியும் சுப்ரியாவும் ஒருத்திக்கு ஒருத்தி முடிச்சுப் போட்டுவிட்டார்கள். பழைய கயிறுகளை உருண்டையோடு ஒரே வாழையிலையில் வைத்தார்கள். ஈரக் கைக்கு டேப் பிரிய மறுத்தது. அதற்குள் கரியப்பன் ஹாரன் அடித்து, "பேகா, பேகா!" என்று கன்னடத்தில் அவசரப்படுத்த ஆரம்பித்தார். சுப்ரியா தன் உருண்டையை எடுத்துக்கொண்டாள். மாதேஸ்வரி தன்னுடையதைக் கைப்பையில் போட்டுவிட்டதாக நினைத்து, பூ, வெற்றிலை, கயிறு எல்லாவற்றையும் இலையோடு அள்ளித் தண்ணீரில் விட்டாள். பஸ் ஓசூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் கைப்பையைத் திறந்தாள். அதில் டிஃபன் டப்பா மட்டும் இருந்தது.

மறுநாள் பகல் ஷிஃப்ட். லைனில் சுப்ரியாவின் தோளில் சாய்ந்து அவள் அழுத அழுகை சூப்பர்வைசரையே கலங்கடித்துவிட்டது. வீட்டில் வாய் திறக்கவில்லை. ஒரு விரலி மஞ்சளுக்கு டேப் சுற்றி அதையே தாலி போலத் தொங்கவிட்டாள். புருஷன் வெங்கடப்பன் நல்ல மனுஷன். தினம் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் பைக்கோடு நின்று, இவள் இறங்கியதும் ரெண்டு ஹாரன் அடிப்பான். அப்படிப்பட்டவனிடம் நீ கட்டியதை ஆற்றில் போட்டுவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? ஞாயிறு ஓவர்டைம் என்று பொய் சொல்லிவிட்டுத்தான் இங்கே வருகிறாள்.

வருகிற வியாழக்கிழமை வேப்பனப்பள்ளியில் கொழுந்தன் ஹரீஷ்குமார் கல்யாணம், ஆவணியின் கடைசி முகூர்த்தம். "ரெண்டு மருமகளுக்கும் நானே கருகமணி கோத்துப் போடறேன், உன் தாலிய டேப்பு கீப்பு இல்லாம கொண்டா" என்று மாமியார் சென்னம்மா போனில் சொல்லிவிட்டாள். நடுவில் மிச்சமிருந்தது இந்த ஒரு ஞாயிறுதான்.

பதினொரு மணிக்கு மேல் மிஷின் வேறு மாதிரி கத்தியது. சின்னதாக, விடாமல். சாய்ந்த புங்க மரத்தின் வேருக்கும் ஒரு பாறைக்கும் நடுவில். பாலாஜி மண்டியிட்டு, சின்ன மண்வெட்டியால் சுரண்டி, சேற்றுக்குள் கையை விட்டான். வெளியே வந்தபோது அவன் உள்ளங்கையில் புளியங்கொட்டைத் தடிமனுக்கு ஒரு கறுப்பு உருண்டை இருந்தது. அதில் ஒரு முழ நீளத்துக்கு நைந்த கயிறு.

மாதேஸ்வரி சேற்றில் வழுக்கிக்கொண்டே ஓடி வந்தாள்.

"குடுங்கண்ணே!" என்று பாய்ந்தாள் சுப்ரியா. "பிரிக்காதீங்க, எங்கிட்ட குடுங்க. நான் கழுவித் தாரேன்."

"இரும்மா, இன்னா இருக்குதுன்னு பாக்க வாணாமா? போன மாசம் இப்பிடித்தான் ஒரு பேட்டரிய எடுத்துக் குடுத்து அசிங்கமாப் போச்சு." பாலாஜி பாக்கெட்டிலிருந்து பிளேடை எடுத்து டேப்பைக் கீறினான். சுப்ரியா அவன் கையைப் பிடித்தாள். அவன் விலக்கிவிட்டு உரித்தான்.

உள்ளே தங்கம்தான். சதுரமாக, நடுவில் அம்மன் உருவம் பதித்த ஒற்றைத் தாலி.

மாதேஸ்வரி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுடையது ரெண்டு வட்டப் பொட்டு. ஒன்று அம்மா வீட்டில் போட்டது, ஒன்று மாமியார் வீட்டில் போட்டது. பத்து வருஷமாக நெஞ்சில் கிடந்தது, மறக்குமா?

"இது என்னுது இல்லீங்களே" என்றாள்.

"இல்லியா?" பாலாஜி தலையைச் சொறிந்தான். "அப்ப நான் யாருக்குங்க தேடுனேன்?"

அவளுக்கும் அதுதான் விளங்கவில்லை. அன்று இலையில் இருந்தது ரெண்டே உருண்டை. ஒன்று அவளுடையது, ஒன்று சுப்ரியாவுடையது. ஆற்றுக்குப் போனது என்னுடையது இல்லையென்றால், அது சுப்ரியாவுடையது. அப்படியானால் என்னுடையது?

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சுப்ரியாவின் கை கழுத்தை மூடிக்கொண்டிருந்தது.

ஒரு கணம் சந்தோஷம்தான் வந்தது. அட, மாறிப்போச்சா! இவ்வளவுதானா! பாவம், இவளுக்கும் தெரியாமல் என்னுடையதைச் சுமந்திருக்கிறாள். "எடு எடு, உங்கிட்டதான் இருக்குது!" என்று சிரித்தபடி கையை நீட்டினாள். சுப்ரியா மெல்லக் கையை எடுத்தாள். உருண்டை வெயிலில் நீலமாகத் தெரிந்தது.

நீல டேப்.

ஆடியில் எல்லாரும் சுற்றியிருந்தது கறுப்பு. ஆவணி பிறந்த பிறகுதான் கம்பெனியில் கறுப்புக்குப் பதிலாக நீலம் கொடுத்தார்கள். மாதேஸ்வரி தன் மஞ்சளுக்கே கறுப்பை எடுத்துவிட்டு அதைத்தான் மாற்றிச் சுற்றியிருந்தாள். நீலம் சுற்ற வேண்டுமென்றால் கறுப்பைப் பிரித்திருக்க வேண்டும். பிரித்தால் உள்ளே ரெண்டு பொட்டு இருப்பது தெரியாமல் போகுமா?

"நீ பாத்துட்ட" என்றாள் மாதேஸ்வரி.

சுப்ரியா தலையாட்டினாள். "அன்னைக்கு வீட்டுக்குப் போன ஒடனே பாத்துட்டேன்க்கா."

"பாத்துட்டு?"

"மறுநாள் குடுத்துரலாம்னுதான் கொண்டாந்தேன். சாயங்காலம் பஸ்ஸ விட்டு எறங்குதோம், அண்ணன் நின்னு ஹாரன் அடிக்காரு. என் கை தன்னால கழுத்துக்குப் போச்சு. எனக்குன்னு ஒரு ஆளு வந்து நிக்க மாதிரி இருந்துச்சுக்கா. இன்னும் ஒரு நாள் போட்டுக்கிடுவோம், நாளைக்குக் குடுப்போம்னு நெனச்சேன். தெனமும் அதையே நெனச்சேன்." அவள் மாதேஸ்வரியின் கையிலிருந்த சதுரத் தாலியைக் காட்டினாள். "என்னோடது கெடைச்சிட்டா, ஒங்ககிட்ட சத்தமில்லாம மாத்தி வச்சிரலாம்னுதான் இங்க வந்தேன். அடிங்கக்கா. வாங்கிக்கிடுதேன்."

மாதேஸ்வரிக்கு அடிக்கத்தான் தோன்றியது. கை எழும்பவும் செய்தது. ஐந்து வாரம்! ஒரு முழ தூரத்தில், பக்கத்து நாற்காலியில்! மறுநாள், அதற்கு மறுநாள் என்று இவள் தோளில் சாய்ந்து அழுதபோதெல்லாம் என் தாலி என் கன்னத்திலேயே அல்லவா இடித்துக்கொண்டிருந்தது! திருட்டுக் கழுதை என்று கத்த வாயைத் திறந்தாள். அப்போது கையிலிருந்த சதுரத் தாலி உறுத்தியது. இதை இலையோடு அள்ளி ஆற்றில் விட்டது யார்? நான். என் கைதான். அதை இவள் இத்தனை நாளும் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. கோபப்படுவதா, மன்னிப்புக் கேட்பதா? எதை முதலில் செய்வது என்று தெரியாமல் எழும்பிய கையை என்ன செய்வதென்றும் தெரியாமல் நின்றாள்.

கடைசியில் திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "கோத்துக் குடு" என்றாள், வறட்டுக் குரலில். "முடிச்ச நீயே போடு."

சுப்ரியா தன் கழுத்துக் கயிற்றைக் கழற்றி நீல டேப்பை உரித்தாள். ரெண்டு பொட்டையும் ஆற்றுத் தண்ணீரில் கழுவி, மாதேஸ்வரியின் மஞ்சள் கயிற்றில் கோத்து, பின்கழுத்தில் முடிச்சுப் போட்டாள். மாதேஸ்வரி முடிச்சுகளை எண்ணினாள். ஒன்று, ரெண்டு, மூன்று.

"உன்னுத நான் கட்டி வுடறேன், திரும்பு."

"எனக்கு வேண்டாம்க்கா."

"அடி ஏண்டி, இத்தினி கஷ்டப்பட்டு..."

"இதைக் கட்டியிருந்தப்ப ஒரு நாள்கூட எனக்கு யாரும் வந்து நிக்கல." சுப்ரியா சதுரத் தாலியை வாங்கிக்கொண்டு கல்லின் மேல் ஏறினாள். என்ன செய்யப் போகிறாள் என்று புரிவதற்குள், வீசிவிட்டாள். நடு ஆற்றில் அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

"அய்யய்யோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான் பாலாஜி. "மூணு வாரங்க! மூணு வாரம்!"

திங்கட்கிழமை லைனில் எதிர் வரிசை முனிலட்சுமிதான் முதலில் கவனித்தாள். "ஏய் சுப்ரியா, இன்னாடி கழுத்துல ஒண்ணியும் காணோம்?"

சுப்ரியா வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து பதில் வந்தது.

"ஆத்தோட போனது என்னுது இல்ல, இவளுது. ஆடிப் பதினெட்டுல நான்தான் கைதவறி இலையோட ஆத்துல வுட்டுட்டேன்" என்றாள் மாதேஸ்வரி. "மூணு ஞாயித்துக்கெழம தேடுனோம். கெடைக்கல."

சாயங்காலம் பஸ் நின்றது. இருவரும் இறங்கினார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெங்கடப்பன் வழக்கம் போல ரெண்டு ஹாரன் அடித்தான். சுப்ரியாவின் கை சட்டென்று கழுத்துக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் இறங்கியது. மாதேஸ்வரி அதைப் பார்த்துவிட்டாள். பத்து வருஷத்தில் முதல் தடவையாக, அந்த வண்டியில் ஏறி உட்கார அவளுக்குக் கூச்சமாக இருந்தது.