மூன்று பிரிண்டர், ஒரு வயர்

காலை பத்து மணிக்கு வேன். அதற்குள் என் கணவர் உபைதின் விசாவைத் தாளில் எடுத்தாக வேண்டும். போனில் காட்டினால் செல்லாது என்று ஏஜென்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். கடை எங்களுடையது, பிரிண்டரும் எங்களுடையது. பிரிண்ட் மட்டும் வரவில்லை.

அவர் மறுபடி சவுதிக்குப் போகக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்துக் கூனிமேட்டில் போட்ட பிரிண்ட் கடை இது. எட்டு மாதமாக அந்தப் பிரிண்டர் சனியன் ஒரு நாள் அடிக்கும், மூன்று நாள் கம்மென்று கிடக்கும். விண்ணப்பம் எடுக்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டு மரக்காணத்துக்குப் பஸ் ஏறினார்கள். கடைசியில் அவரும் பாஸ்போர்ட்டை விசாவுக்குக் கொடுத்துவிட்டார்.

லேப்டாப்பைத் திறந்தால் ஒரே பிரிண்டரின் பெயர் மூன்று தடவை நின்றது. மேசையில் இருப்பதோ ஒன்று. உள்ளே போனால் போர்ட் என்று ஒரு பட்டியல்: எல்பிடி ஒன், காம் த்ரீ, யூஎஸ்பி என்று ஆரம்பித்து மூன்று நம்பர். ஒரு மண்ணும் புரியவில்லை. மரக்காணத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சரத்குமாருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, போர்ட்டுன்னா லேப்டாப்புல இருந்து மேட்டர் போற வழி. வயர எந்த ஓட்டைல சொருவறீங்க?"

"எந்த ஓட்டையா இருந்தா என்னா? எது கைக்கு வருதோ அதுல."

"தெனமும் கழட்டுவீங்களா?"

"கழட்டாம? உப்புக் காத்துல துரு புடிச்சிடாதா?"

இங்கே எல்லோரும் அப்படித்தான். கடை சாத்தும்போது உபைத் வயரைக் கழற்றித் துணியில் சுற்றிவிட்டுத்தான் பூட்டுவார்.

சரத்குமார் சிரித்தான். எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஒவ்வொரு ஓட்டைல மாட்டும்போதும் அது புது பிரிண்டர்னு நெனச்சிக்குதுக்கா. நீங்க எப்பவும் மொத பேருக்கே அனுப்பறீங்க. வயரு வேற ஓட்டைல இருக்குது. மூணுல எந்தப் பேரு மங்கலா இல்ல?"

"மூணாவது."

"அதுல குடுங்க. இனிமே அந்த ஓட்டைலயே மாட்டுங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதானாம். எட்டு மாதம் அலைந்ததற்கு அவ்வளவுதான்.

கொடுத்தேன். பிரிண்டர் முனகியது. முதலில் உபைதின் நெற்றி வந்தது, அப்புறம் முகம், அப்புறம் அரபி எழுத்துகள். பின்னால் அவர் பெட்டிக்கு ஜிப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"என்னங்க, மெஷின்ல ஒரு கோளாறும் இல்லீங்க. இனிமே தெனமும் அடிக்கும். போகாதீங்க."

அவர் தாளை வாங்கி, எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டேன் ஆஸிஃபா. ரெண்டு வருஷம்."

வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

"இன்னொரு காப்பி எடு. ஏர்போர்ட்டுல கேப்பாங்க."

எடுத்தேன். உடனே வந்தது.