ஆணி டப்பா

...புழுதான், சந்தேகமே இல்லை, தட்டு முழுக்க நெளிகிறது, மூன்று நாள் கோழிக்கறி லாஸ் ஏஞ்சலிஸ் வெயிலில் கிடந்தால் வேறென்ன ஆகும், மரிசேலா மூக்கைப் பொத்திக்கொண்டாள்... நகராட்சியின் விலங்குப் பிரிவில் பதினோரு வருஷம், செத்த பூனை, குடல் சரிந்த முயல், எதுவும் இப்படிக் குமட்டியதில்லை, ஒருவேளை குமட்டுவது தட்டு இல்லையோ, பக்கத்தில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாரே இந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் ப்ரூயிட், அவரோ? நேற்றுச் சாயங்காலம் பக்கத்து வீட்டு டாம்சினின் நாலு வயசு மகளுக்குக் கெண்டைக்காலில் ஒன்பது தையல், கடித்தது இவர் தீனி போட்டுப் பழக்கிய கொயோட்டி, மலையிலிருந்து இறங்கி வரும் காட்டு நாய், இவரானால், "பசிக்குப் போட்டேம்மா, பிள்ளையைக் கடின்னா சொல்லிக் கொடுத்தேன்?" என்கிறார், த்தூ, அந்தக் குரலில் துளி வருத்தமாவது இருக்கிறதா?

இந்தத் தெருவுக்கு எத்தனை தடவை நடந்திருப்பாள், குப்பைத் தொட்டியை மூடுங்க, பூனையை உள்ளே வைங்க, தீனி மட்டும் வைக்காதீங்க, மனுஷனைக் கண்டு பயப்படுற வரைக்கும்தான் அதுக்கு உயிர்... எல்லாரும் தலையாட்டினார்கள், ப்ரூயிட் எல்லாரையும்விட அழகாக ஆட்டினார். சற்றுமுன் டாம்சின் வாசலில் மறித்துக் கேட்டாளே, "என் பிள்ளை கால்ல பல்லு பதிஞ்சப்புறம்தான் உங்க வண்டிக்கு வழி தெரியுமா?" மதியம் பொறி வைக்கிறவர்கள் வருவார்கள், பிறகு ஊசி, அத்தோடு அதன் கதை முடிந்தது...

கொல்லைச் சுவர்மேல் ஏதோ அசைந்தது. அதுதான். நரியைவிடப் பெரிசு, ஓநாயைவிட இளைப்பு, பட்டப்பகலில், கூச்சமே இல்லாமல் உள்ளே குதித்தது. மேஜைமேல் ஆணிகள் போட்ட தகர டப்பா இருந்தது, அவளே மூன்று மாதம் முன்பு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தது, ஆட்டினால் மிரண்டு ஓடும் என்று... எடுத்து ஆட்டினாள், பலமாக, காது வலிக்க. ஓடவில்லை. வாலைக் குழைத்துக்கொண்டு, உதட்டை நக்கிக்கொண்டு, நேரே அவளிடம் வந்தது.

"அதை ஆட்டாதீங்கம்மா, சாப்பாடுன்னு நினைச்சுக்கும்," ப்ரூயிட்டின் முகத்தில் பெருமை, "நான் தட்டு வைக்கிறப்ப அதை ஆட்டித்தான் கூப்பிடுவேன்."

கை அப்படியே நின்றது. கொயோட்டி அவள் விரல்களை முகர்ந்தது, ஈரமூக்கு, வாயில் அழுகல் நெடி, ஒன்றும் இல்லையென்று தெரிந்ததும் லேசாகப் பல்லைக் காட்டியது... வீட்டுக்கு ஒன்று, டாம்சின் வீட்டுக்கும் ஒன்று, அந்தப் பெண் குழந்தை அதை வாங்கிக் கிலுகிலுவென்று ஆட்டிச் சிரித்தாளே, வந்தா இப்படி ஆட்டணும் கண்ணு, ஓடிப்போயிடும், என்று இவள்தானே குனிந்து சொல்லிக்கொடுத்தாள்... நேற்று அது வந்தபோது அந்தப் பிள்ளையின் கையில் என்ன இருந்தது? யாரும் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் டாம்சின் போனில் யாரிடமோ அழுதுகொண்டிருந்தாள், டப்பாவைப் பற்றிச் சொல்ல ஒரு குரல் கொடுத்தால் போதும், வாயைத் திறந்தாள் மரிசேலா, குமட்டல்தான் வந்தது.