துணிப்பைக் கீரை

கீரைக் கிண்ணம் தன் பக்கம் வரும்போதெல்லாம் கழுகு தட்டை ஒரு விரற்கடை பின்னால் இழுத்துக்கொள்வார். யாரும் கவனிக்கவில்லை என்பது அவர் நினைப்பு. கட்டின மனைவிக்குத் தெரியாமல் இருக்குமா? "வயித்துக்கு ஒத்துக்கலைன்னா விட்டுடுங்க. அதுக்காக ஏன் தட்டை ஒளிக்கிறீங்க?" என்று சிரித்துவிட்டு, அவருக்கென்று தனியாக வதக்கிய உருளைக்கிழங்கை வைப்பாள். ஒரு மனுஷனுக்காகத் தினமும் இன்னொரு சட்டி. இத்தனைக்கும் அவள் முட்டிவலிக்காரி, அடுப்படியில் ரொம்ப நேரம் நிற்க முடியாது.

கழுகு என்பது தொழிற்சாலையில் வைத்த பெயர். பழைய பிளாஸ்டிக் பாட்டில்களைப் பொடித்து, உருக்கி, நாராக இழுத்து, கம்பளம்போலத் தடித்த துணியாக்குகிற இடம் அது. வீட்டில் செடி வளர்க்கிறவர்களுக்கு அந்தத் துணியில் பை தைத்து விற்பார்கள். பொடியாவதற்கு முன் பாட்டில்கள் பெல்ட்டில் ஓடி வரும். ஓரத்தில் நின்று, வரக்கூடாததைப் பொறுக்கி எறிவது இவர் வேலை. தண்ணீர் பாட்டில் போகலாம், குளிர்பான பாட்டில் போகலாம். பூச்சிமருந்து, கக்கூஸ் கழுவுகிற ஆசிட், இன்ஜின் ஆயில் இருந்த பாட்டில்கள் போகக்கூடாது. கண்ணா அது, கழுகு என்று மேற்பார்வையாளரே மெச்சியிருக்கிறார். ஆனால் கழுகும் கண் சிமிட்டத்தானே வேண்டும். பெல்ட் யாருக்காகவும் நிற்காது. ஒன்றைப் பிடிப்பதற்குள் இன்னொன்று ஓடிவிடும். "போனா போகுதுப்பா. கொதிக்கிற தண்ணியில கழுவுறோம், உருக்குறோம். அதுக்கப்புறம் என்ன மிஞ்சப்போகுது?" என்பார் மேற்பார்வையாளர். மிஞ்சுமா மிஞ்சாதா என்று கழுகுக்குத் தெரியாது. கேட்டு என்ன ஆகப்போகிறது, வந்தோமா வேலையைப் பார்த்தோமா என்று இருந்துவிட்டார்.

அந்தப் பைகளை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சாட்சாத் அவரேதான். மனைவி வேலை பார்த்த தையல் கடையை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள், உட்கார்ந்துகொண்டே இருந்தாள். பேச்சு குறைந்தது. தலை வாருவதும் குறைந்தது. தையல் கோணிய பைகளைத் தொழிலாளர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னதும் இவர் ஒரு கட்டு அள்ளி வந்து, "சும்மா பூச்செடி ஏதாவது வையேன்" என்றார். பூவை யார் சாப்பிடுவது என்று அவள் பைகளை மொட்டைமாடியில் வைத்துக் கீரை விதைத்தாள். அதற்கு முன்னால் கோணல் தையலையெல்லாம் பிரித்து நேராகத் தைத்தாள். கோணலை அவள் கை பொறுக்காது. முதல் கீரை கிள்ளிய அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த முகத்துக்கு நேராக நின்று எந்தப் புருஷன் பூச்சிமருந்து பாட்டிலைப் பற்றிப் பேசுவான்? பேச்சை மென்று முழுங்கிவிட்டார். கீரையை முழுங்கத்தான் அவரால் முடியவில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். அதுவே பழக்கமாகிவிட்டது.

மாசமாக இருக்கிற மகள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மனைவி மாடிக்குப் போய்க் கிள்ளி வந்து, பூண்டு தட்டிப் போட்டு வதக்கியிருந்தாள்.

"நம்ம வீட்டுக் கீரைடி. ஒரு சொட்டு மருந்து அடிக்காதது. வயித்துல இருக்கறதுக்கு நல்லது, நிறையப் போட்டுக்க."

மகள் ஒரு வாய் எடுத்தாள். கழுகின் கை தானாக நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"வேண்டாம்மா. சாப்பிடாத."

"ஏம்பா?"

சொன்னார். பெல்ட்டைச் சொன்னார், கைநழுவிப் போகிற பாட்டில்களைச் சொன்னார், மேற்பார்வையாளர் சொல்வதையும் மறைக்காமல் சேர்த்துச் சொன்னார். மகள் இடது கையால் போனை எடுத்துத் தேடினாள். கொஞ்ச நேரம் படித்தாள்.

"ஒண்ணும் ஆகாதுன்னும் போட்டிருக்கு. வெயில்ல கிடந்து நாரா மண்ணுல உதிரும்னும் போட்டிருக்கு. என்ன பாட்டில்ல செஞ்சதுங்கறதைப் பொறுத்ததாம். யாருக்கும் உறுதியாத் தெரியல போல." போனைக் கவிழ்த்து வைத்தாள். "எதுக்கும் நான் விட்டுடறேம்மா."

மனைவி அவளைப் பார்க்கவில்லை.

"அப்போ உங்க வயித்துக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் கழுகிடம்.

அவர் குனிந்துகொண்டார்.

"தினமும் நான் சாப்பிட்டேனே. எதிர்லதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"நீ அப்பதான் கொஞ்சம் தெளிஞ்சு வந்த. அதைக் கெடுக்க வேண்டாம்னுதான்..."

"சரி, எனக்காகத்தான் சொல்லல. உங்களுக்கு மட்டும் ஏன் கிழங்கு?"

மற்ற கேள்விகளுக்கெல்லாம் அவரிடம் பதில் இருந்தது. இத்தனை மாதமும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துத் தேய்ந்த பதில்கள். அவளுடைய சந்தோஷத்தைத்தான் கட்டிக் காப்பதாக நினைத்திருந்தார். சொல்லப்போனால் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நடுவில் எந்த இடத்தில் தன் வயிற்றை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்தார் என்று இப்போது எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. மகள் எதிரில் இருப்பது இன்னும் கூச்சமாக இருந்தது.

"விடும்மா. அப்பா வேணும்னேவா செஞ்சிருப்பாரு?" என்றாள் மகள்.

கழுகு கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக் கீரையைத் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். பூண்டு பதமாக வெந்திருந்தது. நன்றாகவே இருந்தது.

"அப்பா, என்னப்பா இது, வேண்டாம்பா" என்று மகள் எழுந்தாள். "அம்மா, நீயாவது சொல்லேன்."

மனைவி தாடையில் கையை ஊன்றி, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டிலிருந்தது தீர்ந்ததும் கரண்டியை எடுத்து, கிண்ணத்தின் அடிவரை வழித்து, மிச்சத்தையும் அவர் தட்டில் போட்டாள்.